பைக் டாங்கில் தண்ணீர் கலந்த பெற்றோல்: வீட்டில் வைத்து இறக்கலாமா?

அலஸ்தோட்டத்தான்

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னுடையது காபுரேற்றர் வைத்த பழைய பல்சர் 150. மழை பிடித்த இரண்டு கிழமையும் நான் வவுனியாவில் அக்கா வீட்டில், பைக் இங்கே முற்றத்தில் வேப்பமரத்தடியில் நனைந்தபடி. திரும்பி வந்து முந்தாநாள் திருகோணமலை டவுனில் 5 லீற்றர் அடித்துக்கொண்டு நிலாவெளிக்கு வேலைக்குப் புறப்பட்டால், சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது இரண்டு தரம் இடறி மூன்றாம் தரம் நின்றே விட்டது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மழைக்குள் அலஸ்தோட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து டாங்கின் அடியில் திருகித் திறக்கிற பெற்றோல் டப்பில் இருந்து ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் பிடித்து ஜன்னலில் வைத்தேன். பத்து நிமிடத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே பெற்றோல், நடுவில் கோடு கீறின மாதிரி. பெற்றோல் செட்டில்தான் தண்ணீரைக் கலந்து அடித்துவிட்டார்கள் என்று எனக்குச் சரியான கொதி. சரி, அந்தச் சண்டையைப் பிறகு பார்ப்போம்.

இப்போது டாங்கில் ஒரு 9 லீற்றர் இருக்கும். இதை எப்படி இறக்குவது? கூட்டாளி ஒருவன் ஹோஸை விட்டு வாயால் ஒரு இழுவை இழுத்தால் தானாக வரும் என்கிறான். அதைக் கேட்ட அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டா. பைக் நிற்கிற இடத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பத்து அடிதான், விறகு அடுப்பு. கிணறு இந்தப் பக்கம் இருபது அடியில், எல்லாம் குருமணல். எடுக்கிறதை எங்கே ஊற்றுவது என்றும் தெரியவில்லை. ஊற்றவும் மனம் வரவில்லை, 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றருக்காக கியூஆர் கோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஆள் நான்.

தாதி அக்கா

தம்பி, டாங்கைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், வாயைப் பற்றி நான் சொல்கிறேன். அம்மா விளக்குமாறு எடுத்தது சரி.

பெற்றோல் வயிற்றுக்குள் போவதை விட நெஞ்சுக்குள் போவதுதான் மோசம். இழுக்கும்போது அது எப்போது மேலே வரும் என்று தெரியாது, வந்தவுடன் புரையேறும், ஒரு வாய் அல்ல, ஒரு சின்ன மிடறு சுவாசக் குழாய்க்குள் போனாலே போதும். தண்ணீரை விட மெல்லிசான திரவம் என்பதால் நுரையீரலுக்குள் கடகடவென்று பரவிவிடும். அப்போது கொஞ்சம் இருமிவிட்டு, ஒன்றும் இல்லை என்று படுத்துவிடுவார்கள். சில மணித்தியாலம் கழித்து மூச்சு வாங்க, காய்ச்சல் காய, அப்போதுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கிருமியே இல்லாமல் வருகிற நிமோனியா அது.

இன்னொன்று, யாராவது தவறி விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து, விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் முதலில் செய்வதே அதைத்தான். இறங்கும்போது தப்பின நுரையீரலுக்குள் ஏறும்போது போய்விடும். 1990 அம்புலன்சுக்கு அடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். சாரத்தில், சேட்டில் ஊற்றுப்பட்டால் அப்படியே குசினிக்குள் போகாமல் வெளியில் கழற்றிவிட்டு, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு.

அந்த ஜாம் போத்தலை ஜன்னலில் வைத்திருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடா? சோடா போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு வருகிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

குளக்கோட்டன்

பக்கத்தில் சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு 9 லீற்றருக்கு இந்தக் கலக்கமா தம்பி! பகிடிக்குச் சொன்னேன். அங்கேயும் 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து அடித்தபோது தாங்கி எரிந்தது என்று எங்கள் அப்பப்பா ஒவ்வொரு வருடமும் கதை சொல்லுவார். எண்ணெய் விஷயத்தில் பயம் இருப்பது நல்லதுதான்.

முறுக்கின ஸ்பனர்

உவர்மலைப் பக்கம் கராஜில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறேன், மாரி தொடங்கினால் கிழமைக்கு நாலு பைக் இந்த வருத்தத்தோடு வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் ஒரு விஷயம் மண்டைக்குள் ஏற வேண்டும். எரிகிறது பெற்றோல் இல்லை, அதன் ஆவி. மைனஸ் 40 பாகைக் குளிரிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுகிற சாமான் அது, எங்கள் ஊர் வெக்கைக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போகாது. நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து போய், பள்ளம் எங்கே, வாசல் எங்கே என்று தேடித் தங்கும். உன்னுடைய குசினி பத்து அடியில் என்றால், நீ டாங்கைத் திறந்துவிட்டு நிற்கும்போது அது அடுப்படிக்கு நடந்து போய், அங்கிருந்து நெருப்பைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் திரும்பி வரும். அதனால் பைக்கை அந்த இடத்தில் வைத்துத் தொடவே தொடாதே. மழை இல்லாத நேரமாகப் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போது, திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போ. வாடைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வீடும் அடுப்பும் காற்றுக்கு மேல்பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்து. சாமி விளக்கு, நுளம்புச் சுருள், பீடி சுருட்டு, பக்கத்து வீட்டுக் குப்பை நெருப்பு எல்லாவற்றையும் ஒரு தரம் சுற்றிப் பார். எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும். திறப்பைக் கழற்றி, பற்றரியின் நெகடிவ் வயரையும் கழற்றிவிடு. இதெல்லாம் டாங்கு மூடியைத் திறப்பதற்கு முன்னால்.

உன்னுடைய பைக்குக்கு இழுக்கவே தேவையில்லை. டப்பை ஓஃப் பண்ணு, காபுரேற்றருக்குப் போகிற குழாயை அந்தப் பக்கம் கழற்று, அதிலே ஒரு நீளக் குழாயைக் கொழுவி கானுக்குள் விடு, டப்பை ரிசேவில் வை. அவ்வளவுதான், தானாக இறங்கும். ரிசேவில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், ஓனில் வைத்தால் உள்ளே நிமிர்ந்து நிற்கிற குழாய் வழியாக மேல்மட்டத்தில் இருந்துதான் எடுக்கும், தண்ணீர் பெற்றோலை விடப் பாரம் என்பதால் அது அடியில்தான் கிடக்கும். முதல் அரைப் போத்தல் வருவதைத் தனியாகப் பிடி, உன் தண்ணீரில் முக்கால்வாசி அதற்குள் வந்துவிடும்.

கான் விஷயத்தில் கவனம். பெற்றோலுக்கென்றே விற்கிற கான் அல்லது தகரக் கான். பேசின் வேண்டாம், வாளி வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் வேண்டவே வேண்டாம். கானைக் கதிரையிலோ ரப்பர் பாயிலோ வைக்காமல் நிலத்தில் வை, குழாயின் நுனி கானின் அடியில் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். உயரத்தில் இருந்து சளசளவென்று விழுந்தால் அந்த உராய்விலேயே மின் சேரும், ஒரு சின்னப் பொறி போதும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நைலோன் சேட்டைக் கழற்றும்போது சடசடவென்று கேட்குமே, அதே சாமான்தான். கானை வாய் வரைக்கும் நிரப்பாதே, பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடு, வெயிலில் அது பெருக்கும்.

பக்கத்தில் ஒரு வாளி மணல் வை. அலஸ்தோட்டத்தில் மணலுக்குப் பஞ்சம் இல்லைதானே. உலர் பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கு. தண்ணீர் வாளி வைத்துப் பிரயோசனம் இல்லை, எரிகிற பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு முற்றம் முழுக்க நெருப்போடு ஓடும். கைமீறிப் போனால் விலகி நின்று தீயணைப்புக்கு, 110 க்கு அடி. பைக் போனால் பைக்.

பிறகு டாங்கைக் கழற்று. சீட்டுக்குக் கீழே பின்பக்கம் போல்ட், மிதவை வயர் ஒன்று இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். கழற்றித் தலைகீழாகச் சாய்த்து மிச்சத்தை வடி. ஒரு கோப்பை புதுப் பெற்றோல் விட்டுக் குலுக்கி, அதையும் வடி. காபுரேற்றர் அடி ஸ்குரூவையும் திறந்து விடு, இல்லாவிட்டால் அங்கே தங்கின தண்ணீரே மறுபடி உன்னைப் பாலத்தடியில் இறக்கிவிடும். குழாயில் ஃபில்டர் இருந்தால் புதுசு போடு, அதைக் கழுவிப் போடுகிற அளவுக்கு விலை இல்லை.

கூடவே ஒன்று சொல்கிறேன், எஞ்சின் ஒயிலையும் ஒரு தரம் பார். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர், அப்போது உதைக்கவே கூடாது.

(மற்றவர்களுக்கு: இன்ஜெக்‌ஷன் வைத்த புது பைக் என்றால் இந்த முறை சரிவராது. டப் இல்லை, பம்ப் டாங்குக்குள்ளே இருக்கும், குழாயில் அழுத்தம் நிற்கும், கழற்றினால் முகத்தில் பீச்சும். அதைக் கராஜுக்குக் கொண்டு போங்கள். ஸ்கூட்டிகள் பலவற்றில் டப் இருந்தும் எஞ்சின் இழுத்தால்தான் திறக்கும், அதுவும் தானாக இறங்காது.)

சும்மா ஒருத்தன்

இவ்வளவு பாடா? மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். நான் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை.

முறுக்கின ஸ்பனர்

அண்ணை, உங்களுக்கு ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம். தண்ணீர் அடியில், பெற்றோல் மேலே. வெயிலில் விட்டால் முதலில் போவது மேலே இருக்கிற பெற்றோல்தான், அதுவும் ஆவியாக முற்றம் முழுக்க. தண்ணீர் கடைசி வரைக்கும் அடியில் கிடந்து டாங்கைத் துருப்பிடிக்கவைக்கும்.

இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். நிரம்பின டாங்கை விட வெறும் டாங்குதான் பயம். பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரையில் இருந்து ஏழரைப் பங்கு வரைக்கும் இருக்கும்போதுதான் பற்றும், நிரம்பின டாங்குக்குள் ஆவி அதை விடக் கூட, காற்று காணாது. வடித்து வைத்த டாங்குக்குள்தான் அளவான கலவை இருக்கும். நான் வேலை பழகின இடத்தில் ஒருவர், இரண்டு நாள் காய்ந்த டாங்குதானே என்று ஓட்டைக்கு வெல்டிங் வைக்கக் குனிந்தார். டாங்கு பலூன் மாதிரி ஊதி, அடித்தகடு பிய்ந்து கூரைச் சீற்றில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அவருக்குப் புருவமும் முன்மயிரும் போனதோடு தப்பினார். அந்தத் தகடு கனகாலம் அங்கேயே குத்திக்கொண்டு இருந்தது, முதலாளி எடுக்க விடவில்லை.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்கூட்டிக்காரருக்கு நம்ம கடல் வழி ஒன்று இருக்கிறது. வள்ளத்து எஞ்சினுக்கு கானில் இருந்து எண்ணெய் போகிற ஹோஸில் நடுவில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். எஞ்சின் சாமான் கடைகளில் ஹோஸும் பந்தும் தனியாகவே விற்கிறார்கள். பந்தில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், அது நீங்கள் வடித்துப் பிடிக்கிற கானைப் பார்த்து இருக்கிற மாதிரிப் பிடித்து, ஒரு நுனியை டாங்கின் அடி வரைக்கும் விட்டு, எட்டுப் பத்துத் தரம் அமத்தினால் எண்ணெய் வரத் தொடங்கிவிடும். கான் டாங்கை விடக் கீழே இருந்தால் அதற்குப் பிறகு அமத்தத் தேவையில்லை, தானாக ஓடும். வாயும் வேண்டாம், கரண்ட் பம்பும் வேண்டாம். கரண்டில் ஓடுகிற எந்தச் சாமானையும் இதற்குக் கிட்டக் கொண்டுவராதீங்க.

ஒன்று மட்டும் பாருங்கள். நம்ம வள்ளங்கள் நிறைய மண்ணெண்ணெயில் ஓடுகிறது, பாவித்த ஹோஸை இரவல் வாங்கினால் உள்ளே மண்ணெண்ணெய் ஒட்டியிருக்கும். வடிக்க மட்டும் என்றால் பரவாயில்லை, வடித்த பெற்றோலைத் திரும்பப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் புது ஹோஸ்தான்.

தம்பி, செட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. அதே நேரத்தில் அடித்த வேறு யாருக்காவது வண்டி நின்றதா? தண்ணீர் செட்டில் இருந்து வந்திருந்தால் உங்கள் ஒருவரோடு நிற்காது, அன்றைக்கு அந்தப் பக்கம் பத்து ஆட்டோவாவது படுத்திருக்கும்.

பனிக்குள் கோணேசன்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், ஊர் திருக்கடலூர். இங்கே பெற்றோலில் 10 வீதம் அளவில் எதனோல் என்ற மதுசாரம் கலந்து வரும், இந்தக் கதையே வேறு மாதிரி நடக்கும். எதனோல் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அரை வீதம் அளவு தண்ணீர் சேரும் வரைக்கும் போத்தலில் வைத்துப் பார்த்தாலும் கோடு தெரியாது. அதைத் தாண்டினால் ஒரேயடியாகப் பிரிந்து எதனோலும் தண்ணீருமாக அடியில் இறங்கிவிடும், மேலே மிஞ்சுகிற பெற்றோலும் ஒக்டேன் (எஞ்சினில் தட்டாமல் எரிகிற தரம்) குறைந்து உதவாமல் போகும். அப்படிப் பிரிந்ததை நாங்கள் திரும்பப் பாவிப்பதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ‘முழுவதையும் அகற்று’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் போத்தலில் கோடு கீறினமாதிரிப் பிரிந்து, மேலே உள்ளது தெளிவாக இருந்தால் அது வெறும் தண்ணீர்தான், நல்ல செய்தி.

சாம்பல்தீவுப் பாலத்தில் மழைக்குள் பைக் தள்ளினது என்று வாசிக்கவே ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அந்தக் காற்றுக்குக் குடையும் பிடிக்க ஏலாது.

அலஸ்தோட்டத்தான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வெயில் கொஞ்சம் எறித்தது, வேலையை முடித்துவிட்டேன். ஸ்பனர் அண்ணை சொன்னமாதிரியே ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற வெறும் வளவுக்குத் தள்ளிக்கொண்டு போய், அம்மாவை அடுப்பை அணைக்கச் சொல்லி (மத்தியானச் சாப்பாடு பிந்தினதுக்கு இன்னும் ஏச்சு நடக்கிறது), மச்சானை மணல் வாளியோடு நிற்க வைத்து, டப்பால் இறக்கினேன். முதல் போத்தல் முழுக்கத் தண்ணீர்தான், அதற்குள் துருத் தூளும். பிறகு வந்தது தெளிவு. ஒயில் நல்ல நிறம்.

இனி, நானா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு எனக்கு முன்னும் பின்னும் அடித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவருக்கும் ஒன்றும் இல்லை. அதனால் டாங்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூடிப் பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் விழுகிற மழைத் தண்ணீர் இறங்கிப் போவதற்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அது டாங்குக்குள்ளால் ஒரு மெல்லிய குழாயாகப் போய் அடியில் வெளியே திறக்கிறது. இவ்வளவு நாளும் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த அடி வாயில் மண்குளவி கூடு கட்டி, சீமெந்து பூசினமாதிரி அடைத்து வைத்திருக்கிறது. ஈர்க்கால் குத்த, காய்ந்த மண்ணும் உள்ளே செத்துப்போன இரண்டு புழுவும் விழுந்தது. இரண்டு கிழமை மழையும் மூடிப் பள்ளத்தில் தேங்கி, வெடித்துப்போன ரப்பர் வளையத்தால் உள்ளே இறங்கியிருக்கிறது. செட்டுக்காரரைப் போய் ஏசாமல் விட்டேன், நல்லவேளை. குடும்பத்தோடு இருந்து செய்த ஆள் குளவி.

ரப்பர் புதுசு போட்டாயிற்று, குழாயால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஓடுகிறது. பைக் இரண்டாம் உதையில் பிடித்தது.

மிச்சக் கேள்வி: கானில் 8 லீற்றர் சொச்சம் தெளிவாக இருக்கிறது. அதைத் திரும்ப ஊற்றலாமா? போத்தலில் இருக்கிற தண்ணீர்க் கலவையை என்ன செய்ய? மச்சான் மலசலகூடக் குழிக்குள் ஊற்றச் சொல்கிறான்.

முறுக்கின ஸ்பனர்

குளவி! நான் எலி, எறும்பு எல்லாம் பார்த்திருக்கிறேன்.

மச்சானுக்குச் சொல், குழிக்குள் ஊற்றினால் ஆவி அங்கேயே தங்கும், பிறகு யாராவது உள்ளே போய்ப் பீடி பற்றவைத்தால் கதை கந்தல். வடிகானுக்குள், வேலிக்கரையில், கிணற்றடியில் எங்கேயும் வேண்டாம். குருமணலில் பெற்றோல் நிற்காது, நேரே நிலத்தடித் தண்ணீரில் போய் மிதக்கும், உன் கிணறு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் மாதக்கணக்காக மணக்கும். குப்பையில் ஊற்றிக் கொளுத்துவது இன்னும் மோசம், கையோடு வருகிறது அது.

போத்தலை இறுக மூடி, வெளியில் என்ன என்று எழுதி ஒட்டி என்னிடம் கொண்டு வா, அல்லது உனக்குப் பழக்கமான கராஜில் கொடு. கொடுக்கும்போது பெற்றோல் கலந்தது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் கழிவு ஒயில் பீப்பாவுக்குள் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒயில் இலேசில் பற்றாது என்று நம்பிப் பக்கத்தில் கிரைண்டர் பிடிக்கிறவனுக்குத்தான் ஆபத்து.

8 லீற்றரை ஒரு இரவு கானை ஆட்டாமல் நிழலில், வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வை. காலையில் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டுப் பார், காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை நின்றால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கிறது, அதைப் பாவிக்காதே. கறை இல்லையென்றால் மேலால் மட்டும் மெதுவாக எடுத்து, அடியில் இரண்டு விரல் உயரத்தை விட்டுவிடு. அந்த இரண்டு விரலில் கை வைக்காதே, வரிசையில் நின்ற ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை. மேலே எடுத்ததைப் புதுப் பெற்றோலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓடு.

அலஸ்தோட்டத்தான்

தாளில் கறை இல்லை. ஊற்றியாயிற்று, இன்றைக்கு நிலாவெளி போய் வந்தேன். போத்தல் சனிக்கிழமை உங்களிடம் வரும் அண்ணை. அந்த ஜாம் போத்தல் எங்கே என்று மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடாதீங்க, அது அவவின் ஊறுகாய்ப் போத்தலாம்.

தாதி அக்கா

அதைக் கழுவித் திரும்ப ஊறுகாய் போடக் கொடுத்துவிடாதே தம்பி. புதுசு ஒன்று வாங்கிக் கொடு.